தோழி சொன்ன பிறகு

மலைக்கு வேலைக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. இன்னும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பஸ் வளைவு திரும்பும்போது எனக்குக் குமட்டுகிறது. மலைப்பிள்ளைகள் கம்பியைக்கூடப் பிடிக்காமல் நின்றுகொண்டு சிரித்துப் பேசிக்கொண்டு வருவார்கள். நான் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, மாதாவே என்று கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். சொந்த ஊர் மணப்பாறைப் பக்கம். தெரசா டீச்சர் என்றால் கொல்லிமலையில் ஓரளவுக்குத் தெரியும். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் தமிழ் எடுக்கிறேன். மாறுதல் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஓய்வு பெறுகிறவரை இங்கேதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டேன்.

செய்யுள் நடத்துவதில் எனக்கு ஒரு காலத்தில் பைத்தியம் இருந்தது. இப்போது இருப்பது பழக்கம் மட்டும். எங்கள் தலைமையாசிரியர் சுந்தரராஜன் சாருக்குக் கவிதை என்றால் மனப்பாடப் பகுதி, மனப்பாடப் பகுதி என்றால் சுலபமான மார்க். அழகை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பாஸ் பண்ண வையுங்கள் என்பார். வந்த புதிதில் அவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். இப்போது சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறேன்.

பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கீழே இருந்தபோது குறிஞ்சித் திணைக்குக் கரும்பலகையில் மலை வரைய வேண்டியிருந்தது. இங்கே ஜன்னலைத் திறந்தால் போதும். ஆனால் தினைப்புனத்தில் தலைவி கிளி ஓட்டுகிறாள் என்று நான் உருகி உருகிச் சொல்லும்போது, "கிளியெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லீங்க டீச்சர், பன்னிதான்" என்று கடைசி பெஞ்சிலிருந்து யுவராஜ் சொல்வான். வகுப்பே சிரிக்கும். மலைப்பாட்டை மலைப்பிள்ளைகளுக்கு நடத்துவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான்.

கார்த்திகை மழையில் ஒரு நாள் பன்னிரண்டாம் வகுப்பில் அகப்பாட்டு ஒன்று நடத்தினேன். அறத்தொடு நிற்றல் என்ற துறை. கதை எளிமையானது. தலைவி ஒருவனை விரும்புகிறாள். வீட்டுக்குத் தெரியாது, வேறு இடத்தில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அவள் வாயைத் திறக்க மாட்டாமல் இளைத்துப்போகிறாள். அப்போது தோழி துணிந்து, அவளை வளர்த்த செவிலித்தாயிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். செவிலி பெற்றவளிடம் சொல்வாள், பெற்றவள் அப்பனிடமும் அண்ணன்மாரிடமும் சொல்வாள். கடைசியில் அவனுக்கே கட்டிக் கொடுப்பார்கள்.

தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். எனக்கு எரிச்சல் வந்து, நடித்துக் காட்டச் சொன்னேன். முதல் பெஞ்சு அருள்மொழி தோழி. பாட்டு என்றால் உயிரை விடுகிற பெண் அவள் ஒருத்திதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவத்துக்குப் பூங்குழலி தலைவி. யுவராஜ் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு செவிலியாக வந்தான். எல்லாரும் சிரித்து முடித்ததும் அருள்மொழி பேசினாள். பாட்டின் பொருளை அப்படியே தன் ஊர்ப் பேச்சில் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, யுவராஜைப் பார்த்து ஒரு தாயிடம் பேசுவது போலவே பேசினாள். வகுப்பு அடங்கிப்போய்க் கேட்டது. பூங்குழலி தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லை. நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது. அந்த வேகத்தில், தோழி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், உண்மையை மூடி வைப்பது நட்பு இல்லை, உரிய இடத்தில் எடுத்துச் சொல்வதுதான் அறம் என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். இருபத்தைந்து வருஷமாக வகுப்பில் எத்தனையோ பிரசங்கம் செய்தாகிவிட்டது. ஒருத்தரும் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதில்லை. இவள் போவாள் என்று நான் எதைக் கண்டேன்?

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்து மூன்று நாளாகப் பூங்குழலி வரவில்லை. மிளகு பறிப்பு தொடங்கிவிட்டால் இங்கே பிள்ளைகள் இப்படித்தான் நிற்பார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மதியம் அருள்மொழி ஆசிரியர் அறைக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், பூங்குழலிக்குக் கல்யாணமுங்க. நான்தானுங்க அறத்தொடு நின்னேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளே சொன்னாள். பூங்குழலிக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு சொந்தக்காரனைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வைகாசிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்ற அளவில் ஒரு பேச்சு, அவ்வளவுதான். பூங்குழலிக்கோ அடுத்த ஊர் கார்த்தியைப் பிடித்திருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் பேசிக்கொள்வார்கள், திருவிழாவில் பார்த்துக்கொள்வார்கள். பொங்கலன்று அருள்மொழி நேராகப் பூங்குழலியின் அம்மா கண்ணாயியிடம் போய், பாட்டில் வரும் தோழி போலவே கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கண்ணாயி திட்டவில்லை. யார் மகன் என்று மட்டும் கேட்டிருக்கிறாள். பார்த்தால் முறைப்பையன். காணி இருக்கிறது, மிளகு இருக்கிறது. மறுநாளே ஆள் அனுப்பி, அதற்கு மறுநாள் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள்.

"பாட்டுல வார மாதிரியே நடந்துருச்சுங்க டீச்சர்," என்றாள்.

கல்யாணம் எப்போது என்று கேட்டேன். தை கடைசி முகூர்த்தம் என்றாள். பரீட்சை மார்ச்சில். அப்படியென்றால் அவள் பரீட்சை என்ன ஆவது என்று கேட்டேன். அருள்மொழியின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. "பாட்டுல பரீச்சை இல்லீங்களே டீச்சர்," என்றாள்.

அறிவிருக்கிறதா உனக்கு என்று கத்திவிட்டேன். அவள் பொலபொலவென்று அழுதாள். கணக்கு டீச்சர் ஜாஸ்மின் வந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். கத்தியது அவளைப் பார்த்து என்றாலும் கோபமெல்லாம் என் மேல்தான். அந்தப் பிள்ளை பாடத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறது. கதை கல்யாணத்தோடு முடிந்தால் நல்லபடியாக முடிந்தது என்று நடத்தியவள் நான்.

சுந்தரராஜன் சாரிடம் சொன்னேன். பெண்ணுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை, குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்தது என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்னொரு பெண்ணுக்காக அப்படிச் செய்தோம். அதிகாரிகளோடு ஜீப் வந்தது, கல்யாணம் நின்றது. அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு மேல் ஒரு பெண்ணையும் அனுப்பவில்லை. சனிக்கிழமை நானே போய்ப் பேசிப் பார்க்கிறேன், நடக்கவில்லை என்றால் போனும் நானே போடுகிறேன் என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். உங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த வேலை என்று கேட்டார். எனக்கும் அதேதான் தோன்றியது.

சனிக்கிழமை அருள்மொழியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஏற்றம். மூட்டுவலி உள்ளவளுக்கு அது தண்டனை. பூங்குழலி தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று மட்டும் அருள்மொழி வழியில் சொன்னாள்.

கண்ணாயி வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகுக் கொத்துகளை உதிர்த்துக்கொண்டிருந்தாள். வாங்க டீச்சர் என்று எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டாள். காபி வந்தது. கொண்டுவந்து கொடுத்தது பூங்குழலி. என்னைப் பார்த்தாள், அருள்மொழியைப் பார்க்கவில்லை. உள்ளே போகாமல் கதவோரம் நின்றுகொண்டாள். அவளுடைய அப்பா செங்கோடன் குடகுப் பக்கம் மிளகு பறிக்கப் போயிருந்தார். அவர் திரும்பி, திருப்பூர்ச் சொந்தத்தையே பிடித்துக்கொண்டு மறுப்பதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்பது கண்ணாயியின் கணக்கு.

நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, இத்தனை வருஷம் படித்தது வீணாகிவிடும், வயசும் ஆகவில்லை என்றேன். கண்ணாயி குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். கோபப்படவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

"ஏனுங்க டீச்சர், புள்ள மனசுல ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சுது. அடிச்சனா? திட்டுனனா? அவனுக்கே கூப்புட்டுக் குடுக்கறேன். இதுக்கு மேல ஒரு தாயி என்னங்க பண்ணோணும்?"

கண்ணாயி அருள்மொழியைக் கைகாட்டி, இந்தப் புள்ளைக்கு இருக்கற நாயம் யாருக்குங்க இருக்குது, நீங்க சொல்லிக் குடுத்ததாமே என்றாள். என்னைக் குத்திக்காட்டச் சொன்னதில்லை. நன்றியோடு சொன்னாள். குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேறு வழி தெரியாமல் சட்டத்தை எடுத்தேன். நிறுத்தவில்லை என்றால் போன் போடத்தான் வேண்டியிருக்கும், ஜீப் வரும் என்றேன்.

"போடுங்க. ஜீப்பு வந்துட்டுப் போயிரும். விசயம் வெளிய வந்த புள்ளைய அப்பறம் யாருங்க கட்டுவாங்க? நீங்க மாத்தல் வாங்கிட்டுக் கீழ போயிருவீங்க."

அவள் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. நான் காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அருள்மொழி பெரியவள் மாதிரி இடையில் புகுந்து, பூங்குழலி நல்லாப் படிப்பாளுங்க, அவளுக்குக் காலேஜு போக ஆசைங்க என்று தொடங்கினாள்.

"நீ பேசாத," என்றாள் பூங்குழலி.

கதவோரத்திலிருந்து வந்த குரல் சத்தமாகக்கூட இல்லை. ஆனால் மூன்று பேரும் திரும்பிவிட்டோம். அவள் தாவணி முனையை முறுக்கிக்கொண்டு, அம்மாவை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"இவ வந்து சொன்னா, நீ போயி வெத்தல மாத்துன. இப்ப டீச்சர் வந்து சொல்றாங்க. என்னைய ஒரு வார்த்தை யாருமே கேக்கலியேம்மா."

"நீ எங்கிட்டச் சொல்லலியே கண்ணு," என்றாள் கண்ணாயி. அவள் குரல் அப்போதுதான் முதல்முறையாக இறங்கியது. "அடுத்த ஊட்டுப் புள்ள வந்துதானே எனக்குச் சொல்லுச்சு. பெத்தவ நான், எனக்குத் தெரியல."

"பயமா இருந்துச்சு."

"இப்ப சொல்லு. என்ன வேணும் உனக்கு?"

"பரீச்சை எழுதோணும். காலேஜு போகோணும். அவங்களையும் புடிச்சிருக்குது. ரெண்டும் வேணும்."

ரெண்டும் வேணும் என்று அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. கடையில் குழந்தை கேட்பது மாதிரி, ஒளிவுமறைவில்லாமல் கேட்டாள். இரண்டு வருஷமாக என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண். காலேஜ் ஆசை இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. அவளை நானும்தான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கண்ணாயி உதிர்ந்த மிளகை இரண்டு கையாலும் கூட்டிச் சேர்த்தாள், மறுபடி பரப்பினாள், மறுபடி சேர்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்து, நாளைக்கு அவர்கள் வீட்டுக்குப் போய், பரீட்சை முடிந்து பதினெட்டும் ஆகட்டும் என்று கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். வெற்றிலை மாற்றிய பிறகு தள்ளிப்போடுவது இங்கே சின்னக் காரியம் இல்லை. பெண் வீட்டார் போய் அப்படிக் கேட்டால் பையன் வீட்டில் தலைகுனிந்து நிற்க வேண்டும். அது எனக்கும் தெரியும். இருந்தும் போகிறேன் என்றாள்.

திரும்பும்போது இறக்கத்தில் மூட்டுவலி தெரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு மிதப்பு. அருள்மொழிக்கு டீக்கடையில் வடைகூட வாங்கிக் கொடுத்தேன். அவள் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். நான் செஞ்சது தப்புங்களா டீச்சர் என்று கேட்டாள். தப்பில்லை, ஆனால் அவளிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம் என்றேன். நீங்க அதைச் சொல்லித் தரலீங்களே என்பது போல என்னைப் பார்த்தாள். சொல்லவில்லை, நல்ல பெண்.

திங்கட்கிழமை பூங்குழலி பள்ளிக்கு வந்தாள். நான் ஆசிரியர் அறையில் எல்லாரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். நல்லது, தேர்ச்சி சதவீதத்துக்குப் பிரச்சினை இல்லை என்றார் சுந்தரராஜன் சார். வகுப்பில் போய்ப் பார்த்தால் அவள் முதல் பெஞ்சில் இல்லை. சுவரோரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தாள். அருள்மொழியின் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

மதியம் குழாயடியில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய், அம்மா பேசியது என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்களா என்றுதான் சிரித்தபடி கேட்டேன்.

"இல்லீங்க டீச்சர். அவங்க அம்மா, எங்க அத்தை, முடியாதுன்னுட்டாங்களாம். மிளகுக்கு ஆளு வேணும், வீட்டுல ஒரு பொம்பள வேணும், காத்திருக்க முடியாதுன்னாங்களாம். வெத்தலையத் திருப்பிக் குடுத்துட்டாங்க. வேற எடத்துல பாக்கறாங்களாம்."

கார்த்தி அங்கே இல்லையா என்று கேட்டேன்.

"இருந்தாங்களாம். வாசப்படியிலயே நின்னுட்டு இருந்தாங்களாம். அம்மா அவங்க மூஞ்சியவே பாத்துச்சாம். ஒரு வார்த்தை பேசலியாம்."

டப்பாவில் ஒன்றும் இல்லை. ஆனாலும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, உண்மையிலேயே பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்பது போல, "தோழி, தலைவி எல்லாம் பேசறப்ப பாட்டுல தலைவன் எங்கீங்க இருப்பான்?" என்றாள்.

"நிறையப் பாட்டுல வேலிக்கு வெளியில நிப்பான்."

"கேட்டுக்கிட்டா?"

"கேட்டுக்கிட்டுத்தான்."

"ஒண்ணும் பேச மாட்டானுங்களா?"

"பேச மாட்டான் கண்ணு," என்றேன். அப்படி அவன் பேசாமல் நிற்பதில் எவ்வளவு நயம் இருக்கிறது என்று ஒரு மணி நேரம் என்னால் பேச முடியும். பேசியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் குழாயடியில் அவனை எனக்கு அறவே பிடிக்கவில்லை.

அவள் குழாயை மூடினாள். கண் நிரம்பியிருந்தது, ஆனால் வழியவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். வேறு நல்ல பையன் கிடைப்பான், படித்து வேலைக்குப் போனால் எல்லாம் சரியாகும் என்று எத்தனையோ இருக்கிறது. ரெண்டும் வேணும் என்று கேட்ட பெண்ணுக்கு நான் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு இன்னொன்றைப் பறித்துவிட்டேன். எனக்காகக் கேட்டது எது, அவளுக்காகக் கேட்டது எது என்றுகூட இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. அழுகை எனக்குத்தான் வந்தது.

"விட்டுப்போன பாடத்த எப்பங்க டீச்சர் எடுப்பீங்க?" என்றாள்.

இப்போதே எடுக்கலாம் என்றேன். மணி அடிக்க நேரம் இருந்தது. வராண்டாவில் உட்கார்ந்தோம். அவள் வராத நாட்களில் புதுக்கவிதை ஒன்றை நடத்தியிருந்தேன். எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத பகுதி. எதுகை இல்லை, துறை இல்லை, ஒரு பெண் தன் பாட்டுக்கு வீட்டில் நின்று பேசுகிறாள். யார் கூற்று என்று மேலே குறிப்பு ஒன்றும் இருக்காது. பிள்ளைகள் இது கவிதையா டீச்சர் என்று கேட்பார்கள், நானும் ஆமாம் என்று தூங்கி வழிந்துகொண்டே சொல்வேன்.

படி என்றேன். அவள் சத்தமாகப் படித்தாள். பாதியில் குரல் கம்மியது. போதும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று புத்தகத்தை வாங்கப் போனேன். அவள் கொடுக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கி, கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக்கொண்டு, இதில் எத்தனை மார்க் கேள்வி வரும் என்று கேட்டாள்.